ஒரு விரல் தண்ணீர்

மார்ச் 10, ஞாயிறு

கொளத்தூர் வளர்ப்பு மீன் கடையிலிருந்து ஒரு போன். மீன் தொட்டி தயார், எப்போது கொண்டுவந்து இறக்கலாம் என்று கேட்டான். பெயர் ரஃபி. சார் ஜனவரியில் வந்து அளவு கொடுத்தார், நாலடிக்கு இரண்டடி, கடல் மீன் தொட்டி, எல்லாம் செட்டில் பண்ணிவிட்டார், இப்போது மெசேஜ் போட்டால் பார்க்க மாட்டேன் என்கிறார், அதனால்தான் வீட்டு எண்ணுக்கு அடித்தேன் என்றான்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்பான். ஏன் என்றால், என் மகன் போன மாதம் ஆபீசில் மத்தியானச் சாப்பாடு முடித்து நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டான் என்று சொல்ல வேண்டும். வயது முப்பத்திநாலு என்றும் சொல்ல வேண்டும். எல்லோரும் அடுத்து அதைத்தான் கேட்கிறார்கள்.

"வெளியூர் போயிருக்கான்பா. கொண்டாந்து இறக்கு," என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சமையலறை வாசலில் வினோதினி. என் மருமகள். கேட்டிருப்பாள். குக்கர் விசில் அடித்தது, உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 11

அனல் மின் நிலையத்தில் இருபத்தொன்பது வருடம் கொதிகலன் தண்ணீரைச் சோதித்து எழுதிவைத்தவன் நான். ரிடையர் ஆன பிறகு எழுத ஒன்றுமில்லை. இனி தொட்டியைப் பற்றி எழுதலாம். வேறு எதைப் பற்றியும் எழுதுவதாக இல்லை.

மார்ச் 24, ஞாயிறு

தொட்டி வந்தது. நான்கு பேர் சேர்ந்து தூக்கி ஹாலில் கிழக்குச் சுவரோரம் வைத்தார்கள். எதிர்வீட்டு கோமதியம்மா படியேறி வந்து, "வருஷம் திரும்பாம புதுச் சாமான் வீட்டுக்குள்ள வரலாமாண்ணே?" என்றாள். இது பழைய ஆர்டர் என்றேன். தொட்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

ரஃபிக்கு நாற்பது வயது இருக்கும். வாய் ஓயாத மனிதன். கடல் தொட்டி என்றால் மீன் மட்டுமில்லை, உள்ளே ஒரு ரீஃபே, அதாவது கடலடிப் பாறைத்திட்டே, உருவாக வேண்டும், பாறையில் பூச்சி புழு பாசி எல்லாம் குடியேற வேண்டும் என்றான். "பவளம் மட்டும் கேக்காதீங்க அங்கிள். உயிரோட வச்சிருந்தா கேஸாயிடும். சார் கிட்டயும் சொல்லிட்டேன். சரின்ட்டாரு." பிறகு தொட்டியின் அடியில் மட்டம் பார்த்துக்கொண்டே, "சார் எப்ப வராரு?" என்றான்.

"தெரியல," என்றேன்.

வண்டி கிளம்பும்போது வினோதினி வாசலில் நின்று அவனோடு பேசிக்கொண்டிருந்தாள். சந்தில் வண்டி திருப்ப இடமில்லை என்பதைப் பற்றியாக இருக்கும்.

மார்ச் 31

மணல் இரண்டு மூட்டை. வெள்ளைப் பாறை முப்பது கிலோ. ஸ்கூட்டரில் போனால் கால் மணி நேரத்தில் கடல். நான் ஹாலில் உட்கார்ந்து பையிலிருந்து உப்பைக் கொட்டிக் கடல் செய்துகொண்டிருக்கிறேன். கரையோரத் தண்ணீர் கூடாதாம், அதில் எதெது கலந்திருக்கும் என்று தெரியாதாம். சுத்திகரித்த தண்ணீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும்.

என் வேலையே தண்ணீரிலிருந்து உப்பை எடுப்பதுதான். எடுக்காவிட்டால் குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். இப்போது பக்கெட் பக்கெட்டாகப் போட்டுக் கலக்குகிறேன். உப்பு லிட்டருக்கு 35 கிராம். வெப்பம் 27. மோட்டார் ஓடுகிறது.

தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கண்ணாடியின் மேல் பச்சை இன்சுலேஷன் டேப் ஒட்டினேன்.

ஏப்ரல் 1

தண்ணீர் டேப்பிலிருந்து ஒரு விரல் இறங்கியிருந்தது. ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயேதான் இருக்கும். அதனால் கேனிலிருந்து நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றி மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். தினமும் வாக்கிங் முடித்து, பால் வாங்கி வந்ததும் முதல் வேலை இது.

ஏப்ரல் 7, ஞாயிறு

தொட்டியில் உடனே மீன் விட முடியாது. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் வளர வேண்டும். அதற்கு ஒரு பச்சை இறாலை உள்ளே போட்டு அழுக விட வேண்டுமாம். செத்தது ஒன்று கிடந்து அழுகினால்தான் அந்தத் தண்ணீரில் உயிர் தங்கும் என்றான் ரஃபி. கெமிஸ்ட்ரி சரியாகத்தான் இருக்கிறது.

மார்க்கெட்டுக்குப் போய் ஒரே ஒரு இறால் கேட்டேன். "ஒத்த எறாவ வச்சினு இன்னா பண்ணப் போற பெருசு, பொட்டு வைக்கப் போறியா?" என்றாள் மீன்காரம்மா. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். காசு வாங்காமலேயே கொடுத்துவிட்டாள்.

ஏப்ரல் 11

நாற்றம். வினோதினி ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அவளுக்கு ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை வேலை. ஏழு மணிக்கே பஸ் பிடிக்க வேண்டும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. வடை பாயசம் இல்லை. தண்ணீரில் அம்மோனியா ஏறுகிறது.

சம்பந்தி செய்யாறிலிருந்து போன் செய்தார். "ஆடி பொறக்கறதுக்குள்ள பொண்ண இட்டுனு வந்துடலாம்னு பாக்கறோம் சம்பந்தி. தப்பா நெனைக்காதீங்க. உங்க வூட்ல பொம்பளைங்கன்னு யாருமில்ல. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க." என் மனைவி இறந்து எட்டு வருடமாகிறது. நியாயம்தான் என்றேன். முப்பத்தோரு வயதுப் பெண், அவளுக்கும் ஒரு வாழ்க்கை வேண்டும். அது இன்னும் பெரிய நியாயம்.

அவள் போய்விட்டால் அவனைப் பற்றித் தெரிந்தவர் என்று இந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருப்பேன். வினோதினியும் நானும் அவன் பெயரைச் சொல்வதில்லை. பேசிவைத்துக்கொண்டதல்ல. ஆனாலும் ஒரு கூரைக்குக் கீழே இரண்டு பேர் சேர்ந்து சொல்லாமலிருப்பது வேறு, ஒருவன் தனியாகச் சொல்லாமலிருப்பது வேறு.

எழுதியாயிற்று. உப்பு 35. வெப்பம் 28.

ஏப்ரல் 21, ஞாயிறு

காலையில் பார்த்தால் மணலெல்லாம் பழுப்பு. பாறையில் வழவழவென்று ஏதோ படிந்திருக்கிறது. வடிகட்டிப் பஞ்சு கறுத்துக் கிடக்கிறது. எனக்குக் கை பரபரத்தது. பாறைகளை வெளியே எடுத்து பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்தேன். பஞ்சைக் குழாயடியில் கசக்கிப் பிழிந்தேன். மணலையும் விடவில்லை. மத்தியானம் தொட்டி ஆஸ்பத்திரி மாதிரி பளபளவென்று இருந்தது. பல நாள் கழித்து வேலை செய்த திருப்தி.

ஏப்ரல் 23

ரஃபி வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். "என்ன அங்கிள் இப்பிடி பண்ணிட்டீங்க! அந்த அழுக்குதான் அங்கிள் சரக்கே!" நான் தேய்த்துக் கழுவியதெல்லாம் நுண்ணுயிராம். அத்தனையும் காலி. எல்லாம் முதலிலிருந்து.

இருபத்தொன்பது வருடம் தண்ணீரில் ஓர் உயிரையும் வளர விடாமல் பார்த்துக்கொண்டதற்குச் சம்பளம் வாங்கியவன். வேறு எப்படிச் செய்வேன்?

கிளம்பும்போது அவன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு, "சார் வந்துட்டாரா?" என்றான். அதைக் கேட்கும்போது மட்டும் அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. இன்னும் இல்லை என்றேன்.

ஏப்ரல் 24

இன்னொரு இறால். மீன்காரம்மா இந்த முறை கிண்டல் செய்யவில்லை. யாரோ சொல்லியிருப்பார்கள். கிண்டலே தேவலை.

மே 5

அம்மோனியா இறங்கத் தொடங்கியது. பாறை பழுப்பாகிறது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானம் சாப்பிட்டேனா என்று நினைவில்லை. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. சாப்பிட்டிருப்பேன்.

மே 12, ஞாயிறு

இன்று தண்ணீர் இறங்கவில்லை. டேப்பின் விளிம்பில் அப்படியே நிற்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு சொட்டுகூட ஆவியாகவில்லை. ஈரக்காற்று என்று நினைக்கிறேன்.

மே 13

இறங்கவில்லை.

மே 16

இறங்கவில்லை. உப்பும் 35-லேயே நிற்கிறது. நான் ஊற்றாவிட்டாலும் குடிதண்ணீர் கேன் மட்டும் முன்போலவே தீர்ந்துபோகிறது. வெயில் காலம், வினோதினி நிறையக் குடிக்கிறாள் போல. நல்லதுதான்.

மே 20

ஆவியாகாத தண்ணீரை என் சர்வீசில் நான் பார்த்ததில்லை. குறித்து வைக்கிறேன். விசாரிக்கவில்லை.

மே 25, சனி

வினோதினி நேற்று செய்யாறு போனாள், அவள் அம்மாவுக்குக் காய்ச்சல். தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்தது.

மே 26

மறுபடி ஒரு விரல். காற்று அதிகம் போலிருக்கிறது.

மே 28

வினோதினி நேற்று வந்துவிட்டாள். தண்ணீர் டேப்பில் நிற்கிறது. காற்று நின்றுவிட்டது.

ஜூன் 2, ஞாயிறு

அம்மோனியா பூஜ்யம். நத்தைகள் பன்னிரண்டு விட்டோம். கண்ணாடியெல்லாம் ஊர்ந்து பாசியை மேய்கின்றன. நான் செய்ய வேண்டிய வேலையை அவை செய்கின்றன, அதுவும் பிளீச்சிங் பவுடர் இல்லாமல்.

ஜூன் 6

பாறையில் இரண்டு இடத்தில் ரோஸ் நிறப் புள்ளி. துரு மாதிரி கெட்டியாகப் பிடித்திருக்கிறது. ஒரு பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டேன்.

"தேய்க்காதீங்க மாமா!"

வினோதினி அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. டிபன் பாக்ஸோடு ஹாலின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பிறகு குரலை இறக்கி, "அந்த பிங்க் பாசி வந்தாதான் ரீஃப்னு அர்த்தம். அதுவா வரணுமாம். அவரு சொல்லியிருக்காரு," என்றாள்.

"எப்ப சொன்னான்?"

"ஆர்டர் குடுத்துட்டு வந்த அன்னிக்கி. பிங்க் வர்ற வரைக்கும் எங்கப்பாவ தொட்டிக்கிட்ட விடக்கூடாதுன்னு சிரிச்சாரு. தேச்சே கொன்னுடுவாருன்னு."

அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் பிரஷ்ஷோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கை முழங்கை வரை உப்பு காய்ந்து வெள்ளையாகிவிட்டது. என் மகன் என்னை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறான்.

ஜூன் 9, ஞாயிறு

ரஃபி இரண்டு கோமாளி மீன்கள் கொண்டுவந்தான். பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்தவை, கடலிலிருந்து பிடித்தவை அல்ல. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் தண்ணீரைச் சேர்த்துப் பழக்கி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் விட்டான். பெரியது நேராகப் பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. சின்னது மோட்டார் அடிக்கும் தண்ணீரில் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டு நின்றது.

"சார் எப்ப வராரு சிஸ்டர்?" இந்த முறை வினோதினியைக் கேட்டான்.

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவனிடம், "இன்னும் தேதி தெரியலண்ணா," என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், பஸ் எப்போது வரும் என்று கேட்டதற்குச் சொல்வதுபோல.

என் பொய்யில் அவளையும் சேர்த்துக்கொண்டுவிட்டேன். வெட்கமாக இருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை.

ஜூன் 13

பெரியது வெளியே வந்தது. தின்றது.

ஜூன் 23

உப்பு 35. வெப்பம் 27. தண்ணீர் டேப்பில். ரோஸ் புள்ளிகள் ஒன்பது.

ஜூன் 30, ஞாயிறு

சாயங்காலம் வினோதினியும் நானும் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். டிவி போடவில்லை. "சின்னது ரொம்ப அராஜகம் பண்ணுது மாமா," என்றாள் ஒரு முறை. "ஆமா," என்றேன். நன்றாக இருந்தது என்று எழுதலாமா? எழுதிவிட்டேன்.

ஜூலை 7

சம்பந்தி போன். அடுத்த ஞாயிறு அவள் அண்ணன் புகழேந்தி கார் எடுத்துக்கொண்டு வருகிறான். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறார்களாம். இங்கே வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டாளா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவளைக் கேட்டேன். கொடுத்துவிட்டாளாம்.

ஜூலை 13, சனி

அவள் பெட்டி கட்டினாள். அவன் சட்டைகளை மட்டும் பீரோவில் அப்படியே விட்டிருக்கிறாள். "மீனுக்கு ரெண்டு வேள போதும் மாமா. நிறையப் போட்டுடாதீங்க, தண்ணி கெட்டுடும்," என்றாள். தெரியும் என்றேன்.

இரும்மா என்று சொல்லலாம். எந்த உரிமையில்? அவளைப் பெற்றவர்கள் கூப்பிடுகிறார்கள். நான் பெற்றவன் போய்விட்டான். நடுவில் நான் யார்?

ஜூலை 14, ஞாயிறு

போய்விட்டாள். புகழேந்தி நல்ல பையன். "வரோம் மாமா, உடம்ப பாத்துக்கோங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். வினோதினி தொட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள். டேப்பின் ஒரு ஓரம் பிய்ந்து எழும்பியிருந்தது. அதை விரலால் தேய்த்து ஒட்டினாள்.

"போய்ட்டு வரேன் மாமா."

"ம்."

அவ்வளவுதான் சொன்னேன். கார் திரும்ப அரை மணி நேரமானது. சந்து அப்படி.

ஜூலை 15

வாக்கிங் போய், பால் வாங்கி வந்தேன். தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்தது.

இன்று காற்றே இல்லை.

நான் ஒன்றும் தெரியாதவனல்ல. மே மாதமே தெரியும். நான் வாக்கிங் போனதும் வினோதினி கேனைச் சாய்த்துச் செம்பு செம்பாகப் பிடித்து ஊற்றிவிட்டு வேலைக்குப் போகிறாள் என்று தெரியும். தரையில் ஈரம் பார்த்திருக்கிறேன். கேட்டால் நிறுத்திவிடுவாள் என்று கேட்கவில்லை. என் மகன் வாங்கிய தொட்டியை இந்த வீட்டில் இன்னொருத்தியும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது போதுமாக இருந்தது எனக்கு.

செம்பை எடுத்து ஊற்றப் போனேன். பாதி தரையில் போனது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினேன்.

ஜூலை 16, செவ்வாய்

ரஃபி வந்தான். சார் ஜனவரியிலேயே கேட்டிருந்த இறால் வகை இப்போதுதான் கிடைத்ததாம், சிவப்பில் வெள்ளைக்கோடு போட்டது. மீன் உடம்பில் ஒட்டியிருப்பதைக் கொத்திச் சுத்தம் செய்யுமாம். பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டான். வீட்டைச் சுற்றிப் பார்த்தான். சிஸ்டர் இல்லையா என்றான். ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். மிதக்கும் பையை ஒரு முறை திருப்பிவிட்டான். பிறகு வழக்கம்போலத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"சார் எப்ப அங்கிள் வராரு?"

இன்னும் தெரியல என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நித்தி வரமாட்டான்பா. நித்தி செத்துட்டான். பிப்ரவரிலயே செத்துட்டான்."

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. சுடுகாட்டில்கூட எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. அதை எல்லோரும் பார்த்தார்கள், மன உறுதி என்றார்கள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். உறவோ நட்போ இல்லாத மீன் கடைக்காரனுக்கு முன்னால் அழுதேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. வயது கேட்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் முழங்காலில் கை வைத்தான்.

"தெரியும் அங்கிள்," என்றான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"தொட்டி எறக்குன அன்னிக்கே சிஸ்டர் வாசல்ல சொல்லிட்டாங்க. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. நான் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக்கூடாது, ஒவ்வொரு வாட்டி வரும்போதும் சார் எப்ப வராருன்னு கேக்கணும்னு சொன்னாங்க. மாமா யார்கிட்டயும் பேச மாட்டேங்கறாரு, அழவும் மாட்டேங்கறாரு, கேட்டுக்கிட்டே இருங்க, என்னிக்காவது சொல்லிடுவாருன்னு." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கேக்கறப்பல்லாம் எனக்கு உசுரு போய் உசுரு வரும் அங்கிள். உங்க மூஞ்சிய பாக்கவே முடியாது."

இறாலை விட்டுவிட்டுத்தான் போனான். டீ நான் போட்டேன்.

சாயங்காலம் வினோதினிக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ரஃபி வந்தான்மா. சொல்லிட்டேன்."

மூச்சு மட்டும் கேட்டது. அவளும் அழுகிறாள் என்று தெரிந்தது. அழட்டும் என்று காத்திருந்தேன்.

"நித்தி இருந்தா இந்த எறாவப் பாத்து குதிச்சிருப்பான்," என்றேன்.

"ஆமா மாமா. அதுக்கு ஒரு பேரு வச்சிருப்பாரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "தண்ணி எவ்ளோ எறங்கிச்சு?"

"ஒரு விரல்."

"ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன்."

"உப்பு போடலயே?"

"நான் கெமிஸ்ட்டும்மா," என்றேன். சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு கேட்காத சிரிப்பு.

ஆவணியில் வந்து பிங்க் எவ்வளவு படர்ந்திருக்கிறது என்று பார்ப்பதாகச் சொன்னாள். வா என்றேன். வர முடியாமல் போனாலும் பரவாயில்லை, உன் வாழ்க்கையைப் பார், போன் மட்டும் எடு என்றேன். நான் சொல்ல நினைத்தது அதைவிட அதிகம். ஆனாலும் இவ்வளவு சொன்னதே எனக்குப் பெரிது.

ஜூலை 17

ஆடி ஒன்று. உப்பு 35. வெப்பம் 27. தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்தது, ஊற்றினேன். பாறையில் ரோஸ் நிறம் உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருக்கிறது. தேய்க்கவில்லை. நித்தியானந்தத்தின் மீன்கள் இரண்டும் தின்றன.